பில்டு ஆக மாட்டேங்குது, என்ன செய்ய? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துகிறீர்களா, அனுபவத்தை எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தோம். உதகை, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் என்று நீலகிரி முழுக்க இருந்து கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: மென்பொருள் இலவசம், மூல நிரலும் கையில் இருக்கிறது, ஆனால் அதை நம் கணினியில் பில்டு செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றி, ஓட வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. ஆகவே இந்த மாதம் அது மட்டும்தான்.

கே: முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து பல்சார் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) தரவுகளை நானே ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. பிரஸ்டோ என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கினேன். அதற்கு எஃப்எஃப்டிடபிள்யூ வேண்டும், சிஃபிட்ஸ்ஐஓ வேண்டும், டெம்போ வேண்டும், பிஜிபிளாட் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. பிஜிபிளாட்டோடு நின்றுவிட்டேன். எனக்கு இதெல்லாம் வராதோ என்று தோன்றுகிறது, சார்.
– எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, உதகை

ப: வரும். முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்தில் பல்சார் ஆராய்ச்சியையே தொழிலாக வைத்திருப்பவர்களும் மாட்டியிருக்கிறார்கள்.

பிஜிபிளாட்டின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். ஃபோர்ட்ரானில் எழுதிய, வரைபடம் போடும் லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல் தொகுப்பு). நன்றாக எழுதியது என்பதால்தான் இத்தனை வருடம் கழித்தும் வானியல் நிரல்கள் அதை விடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்க, மூல நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர்கள் எங்கேயோ போய்விட்டன. 2020-ல் வந்த ஜிசிசி 10 என்ற கம்பைலர் இரண்டு விஷயங்களில் கறாராகிவிட்டது. ஃபோர்ட்ரானில் ஒரே துணைநிரலை ஓரிடத்தில் முழு எண் கொடுத்தும் இன்னோரிடத்தில் தசம எண் கொடுத்தும் அழைத்தால் முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிடும், இப்போது எரர் என்று நிறுத்திவிடுகிறது. சி மொழியில் ஒரே பொது மாறி இரண்டு ஃபைல்களில் அறிவிக்கப்பட்டிருந்தால் முன்பு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும், இப்போது ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று, கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்க்கும் லிங்க்கர் கத்துகிறது. 20 வருடத்துக்கு முந்தைய நிரல் எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று வர நல்ல வாய்ப்பு உண்டு. முதலாவதற்கு ‘அலோ ஆர்கியுமென்ட் மிஸ்மேட்ச்’ என்ற கொடியையும் (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) இரண்டாவதற்கு ‘எஃப் காமன்’ என்ற கொடியையும் கம்பைலருக்குக் கொடுத்தால் பழைய நடத்தைக்குத் திரும்பிவிடும். நிரலில் தவறு இல்லை, உங்களிடமும் இல்லை.

பிஜிபிளாட்டை நீங்களே கம்பைல் செய்ய வேண்டிய கட்டாயமும் கிடையாது. உபுண்டுவில் மல்டிவெர்ஸ் பகுதியைத் திறந்துவிட்டால் அது பேக்கேஜாகவே கிடைக்கும். அதே அழைப்புகளை ஏற்றுக்கொள்ளும்படி புதிதாக எழுதிய கீஸா என்ற லைப்ரரியும் இருக்கிறது. எஃப்எஃப்டிடபிள்யூ, சிஃபிட்ஸ்ஐஓ இரண்டையும் போடும்போது மட்டும் ‘டெவ்’ என்று முடியும் பேக்கேஜைப் போடுங்கள். லைப்ரரி மட்டும் இருந்தால் ஏற்கெனவே தயாரான நிரல் ஓடும், அவ்வளவுதான். புதிதாகக் கம்பைல் செய்ய, லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல்கள் வேண்டும், டெபியனிலும் உபுண்டுவிலும் அவற்றைத் தனியே பிரித்து ‘டெவ்’ பேக்கேஜில் வைத்திருக்கிறார்கள். ‘பைதான்.ஹெச் கிடைக்கவில்லை’ என்று வேறு நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் இதே பதில்தான்: ‘பைதான்3-டெவ்’.

இன்னொன்று. எரர் வந்தால் திரையில் கடைசியாகத் தெரிவதைப் படிக்காதீர்கள், மேலே போய் முதல் எரரைத் தேடுங்கள். பில்டு வேலைகளை வரிசையாக ஓட்டும் மேக் என்ற கருவி நிற்கும்போது ‘எரர் 2’ என்று கீழே காட்டுவது வெறும் மேல்மட்டத் தகவல். உண்மையான காரணம் பல நூறு வரிகளுக்கு மேலே ஒரு வரியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். வெளியீடு முழுவதையும் ஒரு ஃபைலில் சேமித்து, அதில் ‘எரர்’ என்று தேடி முதலில் வருவதைப் பாருங்கள். அப்புறம் பிரஸ்டோ, டெம்போ, பிஜிபிளாட் மூன்றும் தங்கள் இருப்பிடத்தைச் சூழல் மாறிகள் (என்விரான்மென்ட் வேரியபிள்) வழியாகத் தேடுகின்றன. அவற்றை டெர்மினலில் ஒரு தடவை அடித்துவிட்டால் அந்த ஜன்னலை மூடியதும் போய்விடும், டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதி வையுங்கள். பில்டு ஆகி முடிந்ததும் வரைபடம் வராமல் வெறும் கறுப்பு ஜன்னல் வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ முதலில் பார்க்க வேண்டியது அந்த மாறிகளைத்தான்.

530 மீட்டர் நீளத்துக்கு ஒரு மலைச் சரிவையே தேடிப்பிடித்து, அந்தச் சரிவின் சாய்வு நம் அட்சரேகையோடு பொருந்துகிற மாதிரி 1970-ல் கட்டி முடித்த கருவியைப் பார்த்து வந்த ஆசை இது. ஒரு பழைய வரைபட லைப்ரரிக்காக அதை விட்டுவிடக் கூடாது.

கே: மேக் ஃபைலில் ஸ்பேஸ் வைத்தால் ஏன் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறது? டேப்தான் வேண்டும் என்று யார் முடிவு செய்தது?
– பாலிடெக்னிக் மாணவர், குன்னூர்

ப: ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 1976-ல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதியவர். அவசரத்தில் எழுதியபோது டேப் வைத்துவிட்டார். மாற்றலாம் என்று நினைத்த நேரத்தில் ஒரு டஜன் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களாம், அவர்களுடைய ஃபைல்கள் கெட்டுவிடக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காகத்தான் நாம் எல்லோரும் இன்றும் டேப் அடிக்கிறோம். உங்கள் எடிட்டரில் மேக் ஃபைலுக்கு மட்டும் டேப்பை ஸ்பேஸாக மாற்றாதே என்று சொல்லி வையுங்கள். ஜிஎன்யூ மேக் 3.82-லிருந்து வேறு குறியை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு, ஆனால் அதைச் செய்தால் உங்கள் ஃபைலைப் படிக்கிற அடுத்தவர் குழம்புவார். வேண்டாம்.

கே: கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தானாகத் தயாராக ஒரு சின்ன பைதான் நிரல் எழுதியிருக்கிறேன். படம் வரையும் பில்லோ லைப்ரரிதான். என் லேப்டாப்பில் தமிழ் அழகாக வருகிறது. அதே நிரலை சர்வரில் ஏற்றினால் கொம்பு எல்லாம் இடம் மாறி எழுத்து சிதைகிறது. ஃபான்ட் ஒன்றுதான், நிரல் ஒன்றுதான், பில்லோவின் பதிப்பும் ஒன்றுதான். எரர் எதுவும் இல்லை!
– டிடிபி கடை வைத்திருப்பவர், கோத்தகிரி

ப: அந்த ‘எரர் எதுவும் இல்லை’ என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

உங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் ‘க’, அதற்குப் பின்னால் ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ‘க’வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. பில்லோ அதை நேரடியாக அழைப்பதில்லை, ராக்ம் என்ற இன்னொரு லைப்ரரி மூலமாக அழைக்கிறது. ராக்முக்கு ஃப்ரிபிடி என்று மூன்றாவது ஒன்று வேண்டும். ஃப்ரிபிடி எதற்கு? அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு. தமிழுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் அது இல்லாவிட்டால் ராக்ம் ஓடாது, ராக்ம் ஓடாவிட்டால் ஹார்ஃப்பஸ் இல்லை, ஹார்ஃப்பஸ் இல்லாவிட்டால் ‘கோத்தகிரி’ சிதைகிறது.

பில்லோ 8.2 முதல் பிப் (பைதான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாக இறங்கும் வீல் ஃபைலுக்குள் (ஏற்கெனவே கம்பைல் செய்த பேக்கேஜ்) ராக்ம் சேர்ந்தே வருகிறது. ஃப்ரிபிடி மட்டும் வராது, நிரல் ஓடும்போது கணினியில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் டெஸ்க்டாப் லினக்ஸ் என்றால், மெனுவில் எழுத்து காட்டும் பாங்கோ லைப்ரரிக்காக ஃப்ரிபிடி ஏற்கெனவே உள்ளே இருக்கும். சர்வரில் டெஸ்க்டாப்பே கிடையாது, அதனால் ஃப்ரிபிடியும் கிடையாது. பில்லோ ஒன்றும் சொல்லாமல் ‘பேசிக்’ என்ற சாதாரண வரைமுறைக்குப் போய்விடுகிறது. அதற்கு ஒவ்வொரு எழுத்தையும் சேமித்த வரிசையிலேயே வரையத்தான் தெரியும்.

தீர்வு ஒரு வரி: சர்வரில் ‘லிப்ஃப்ரிபிடி0’ பேக்கேஜைப் போடுங்கள். விண்டோஸ் என்றால் ஃப்ரிபிடி டிஎல்எல் ஃபைலைத் தனியாக வைக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்கும் வசதி உண்டு. உங்கள் நிரல் தொடங்கும்போதே அதைக் கேட்டு, இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்படி எழுதுங்கள். தப்பான எழுத்தோடு ஆயிரம் நோட்டீஸ் அச்சாவதைவிட நிரல் ஓடாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

மென்பொருள் எழுதுகிற நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ‘இருந்தால் நல்லது’ என்று நீங்கள் வைக்கும் டிபென்டென்சி (உங்கள் நிரல் நம்பியிருக்கும் வேறு லைப்ரரி) ஆங்கிலம் எழுதுகிறவருக்குத்தான் ‘இருந்தால் நல்லது’. எங்களுக்கு அது இல்லாமல் மொழியே இல்லை. பில்டு செய்யும்போது ஒரு லைப்ரரி கிடைக்காவிட்டால் பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் வெளியீட்டின் நடுவில் ‘நோ’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிற வழக்கம் மாற வேண்டும். எதெல்லாம் சேர்ந்தது, எது விடுபட்டது, அதனால் எது வேலை செய்யாது என்று கடைசியில் தெளிவாகக் காட்டுங்கள். இது பெரிய வேலையே இல்லை.

கே: ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய ஆண்ட்ராய்டு புராஜெக்ட் ஒன்றை எடுத்து, எங்கள் பகுதி யானை நடமாட்டத்தைப் பதிவு செய்கிற செயலியாக மாற்ற நினைத்தோம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் திறந்ததும் ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61’ என்கிறது. அதைத் தாண்டினால் சில லைப்ரரிகள் கிடைக்கவில்லை என்கிறது.
– கல்லூரி நண்பர்கள், கூடலூர்

ப: 61 என்பது ஜாவா 17. 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 65 என்றால் 21. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டூடியோவோடு வந்த ஜாவா 17, புராஜெக்ட் கேட்கும் கிரேடிலோ (ஆண்ட்ராய்டின் பில்டு கருவி) பழையது. ஜாவா 17-ன் மேல் ஓடத் தெரிந்த கிரேடில் 7.3 முதல்தான். எரர் செய்தியில் ‘ஜாவா 17 எனக்குப் புதிது’ என்று சொல்லியிருந்தால் நீங்கள் கடிதம் எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இரண்டு வழி உண்டு. புராஜெக்டை அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் ஜாவா 11-ஐயோ 8-ஐயோ தனியாக இறக்கி, ஸ்டூடியோ அமைப்பில் கிரேடிலுக்கு அதைக் காட்டுங்கள். தொடர்ந்து வளர்க்கப் போகிறீர்கள் என்றால் கிரேடிலையும் ஆண்ட்ராய்டு பிளகினையும் உயர்த்துங்கள், ஆனால் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாதீர்கள். படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் பில்டு ஆகிறதா பார்த்து, ஆனதும் கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) கமிட் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

லைப்ரரி கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஜேசென்டர் என்ற லைப்ரரிக் களஞ்சியம். ஒரு காலத்தில் ஆண்ட்ராய்டு லைப்ரரிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. 2021 பிப்ரவரியில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். கொஞ்ச காலம் படிக்க மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். ஆகவே பில்டு ஃபைலில் ஜேசென்டர் என்ற வரியை எடுத்துவிட்டு மேவன் சென்ட்ரலைப் போடுங்கள், பாதி கிடைத்துவிடும். மீதியில் சில ஜிட்பேக்கில் இருக்கும், சிலவற்றின் மூலநிரலை எடுத்து உங்கள் புராஜெக்டுக்குள்ளேயே ஒரு மாட்யூலாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கேயுமே இல்லாதவையும் இருக்கும். ஆசிரியர் வேறிடத்துக்கு மாற்றாமலே போய்விட்டார் என்றால் அது போனதுதான். அந்த இடத்தில் வேறு லைப்ரரி தேடுங்கள், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் செயலி காட்டோரம் இருக்கிறவர்களுக்கு உண்மையிலேயே வேண்டிய ஒன்று. மாட்டிக்கொண்டால் மறுபடி எழுதுங்கள்.

கே: எங்கள் ஊரில் மழை வந்தால் நெட் போய்விடும், மழை இல்லாவிட்டாலும் ஒரு புள்ளி சிக்னல்தான். கிட் குளோன் பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பில்டு கொடுத்தால் அதுவும் ஏதேதோ இறக்குகிறது. கோயம்புத்தூர் போகும்போது மொத்தமாக இறக்கி வர வழி உண்டா?
– வாசகர், மஞ்சூர்

ப: உண்டு, ஆனால் போவதற்கு முன் கொஞ்சம் திட்டமிட வேண்டும்.

கிட் குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது, உண்மைதான். அதனால் ஆழத்தை 1 என்று கொடுத்து கடைசி நிலையை மட்டும் இறக்குங்கள், முழு வரலாறு பிறகு மெதுவாக வரட்டும். ஜிப் ஃபைலாக இறக்குவது சுலபம் என்று தோன்றும், ஆனால் அந்த ஜிப்பில் சப்மாட்யூல்கள் (உள்ளே இணைத்திருக்கும் வேறு புராஜெக்டுகள்) வராது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஒரு ஃபோல்டர் காலியாக இருக்கும். எனவே சப்மாட்யூல் உள்ள ரிப்போவை (கிட் களஞ்சியம்) ‘ரிகர்ஸிவ்’ என்ற தெரிவோடு குளோன் செய்யுங்கள்.

பைதான் என்றால் ‘பிப் டவுன்லோட்’ இருக்கிறது, டிபென்டென்சிகளோடு சேர்த்து ஒரு ஃபோல்டரில் இறக்கித் தரும். வீட்டில் ‘நோ இண்டெக்ஸ்’ தெரிவோடு அந்த ஃபோல்டரைக் காட்டினால் நெட்டைத் தொடாமலே நிறுவும். இறக்குகிற கணினியிலும் வீட்டுக் கணினியிலும் பைதான் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது எந்தத் தளத்துக்கு என்று சொல்லி இறக்க வேண்டும். கிரேடில் என்றால் நண்பர் வீட்டில் உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு முழு பில்டு ஓட்டிவிடுங்கள், கேஷ் நிரம்பிவிடும். பிறகு ‘ஆஃப்லைன்’ தெரிவோடு ஓட்டலாம்.

சீமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்தும் புராஜெக்டுகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஃபெட்ச் கன்டென்ட் என்று ஒரு வசதி, கன்ஃபிகர் செய்கிற நேரத்தில் தானாகவே நெட்டுக்குப் போய் லைப்ரரிகளை இறக்கும். எழுதுகிறவருக்கு அது சௌகரியம், உங்களுக்கு நரகம். டெபியனில் பேக்கேஜ் பில்டு ஆகும்போது நெட்டைத் தொடவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பின்பற்ற வேண்டிய விதி என்பது என் கருத்து. இறக்குவது ஒரு வேலை, பில்டு செய்வது வேறு வேலை. இரண்டையும் கலக்கிறவர்கள் உலகம் முழுக்க எப்போதும் ஃபைபர் இணைப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கே: பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து மழைமானி செய்கிறோம். பழைய ராஸ்பெரி பை 3 ஒன்று கிடைத்தது. அதில் ஒரு லைப்ரரியை நிறுவக் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஓடிவிட்டு ‘கில்டு’ என்று நின்றிருக்கிறது. அதற்கு முன்னால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று வேறு ஒரு தடை.
– அரசுப் பள்ளி ஆசிரியை, கோத்தகிரி வட்டம்

ப: டீச்சர், மழைமானி மிக நல்ல வேலை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் பக்கமோ வடகிழக்குப் பருவமழையில்தான் நனையும். ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் இவ்வளவு வித்தியாசம் உள்ள மாவட்டத்தில் பள்ளிக்கு ஒரு மழைமானி இருந்தாலும் தகும்.

‘கில்டு’ என்றால் மெமரி போதவில்லை. பை 3-ல் இருப்பது 1 ஜிபி. சி பிளஸ் பிளஸ் கம்பைலர் நான்கு ஒரே நேரத்தில் ஓடினால் அது தாங்காது, லினக்ஸ் கெர்னல் ஒன்றைக் கொன்றுவிடும். ஆனால் நீங்கள் கம்பைல் செய்யவே வேண்டாம். நம்பை போன்ற லைப்ரரிகள் ஆப்ட் (இயங்குதளத்தின் பேக்கேஜ் நிறுவி) வழியாகவே தயாராகக் கிடைக்கின்றன. 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் என்றால் பைவீல்ஸ் என்ற சேவை ஏற்கெனவே கம்பைல் செய்த வீல்களைத் தருகிறது, பிப் அதைத் தானாகவே பார்க்கும். அப்படியும் கம்பைல் ஆரம்பித்தது என்றால் உங்கள் பைதான் பதிப்புக்கு வீல் இல்லை என்று பொருள். லைப்ரரியின் கொஞ்சம் பழைய பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். ‘ஒன்லி பைனரி’ தெரிவைக் கொடுத்தால் வீல் இல்லாதபோது ராத்திரி முழுக்க ஓடாமல் உடனே சொல்லிவிடும்.

அந்த இன்னொரு தடை நல்லதற்குத்தான். இயங்குதளத்தின் பைதானில் பிப் கை வைத்தால் இயங்குதளமே கெடக்கூடும் என்று டெபியன் 12 முதல் தடுத்துவிட்டார்கள். வென்வ் (தனியே பிரித்த பைதான் சூழல்) ஒன்று உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். ஆப்ட் வழியாகப் போட்டவை உள்ளேயும் தெரிய ‘சிஸ்டம் சைட் பேக்கேஜஸ்’ தெரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கே: சின்ன வெப்சைட் ஒன்றுக்கு என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கருவி) இன்ஸ்டால் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பேக்கேஜ் இறங்குகிறது. யார் எழுதியது, எதற்கு என்று ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டுமா?
– வீட்டிலிருந்து வேலை செய்யும் வாசகி, குன்னூர்

ப: பயம் வேண்டாம், கவனம் வேண்டும். இதில் இரண்டு வேறு ஆபத்துகள் இருக்கின்றன.

ஒன்று, இருந்தது இல்லாமல் போவது. 2016 மார்ச்சில் லெஃப்ட் பேட் என்ற 11 வரி நிரலை, வேறொரு பேக்கேஜின் பெயர் பற்றிய தகராறில், அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்பட எத்தனையோ புராஜெக்டுகளின் பில்டு அன்று நின்றது. என்பிஎம் அதை மீட்டு வைத்தது, இஷ்டத்துக்கு எடுக்க முடியாதபடி விதியும் மாறியது.

மற்றது, இருப்பதற்குள் வேறொன்று நுழைவது. 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விஷயத்தை பில்டு பற்றி அக்கறை உள்ள எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்தச் சுருக்கும் லைப்ரரியைப் பல ஆண்டுகளாக ஒருவர்தான், சம்பளம் இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒரு கணக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தது. எங்கே வைத்தது தெரியுமா? தீங்கான நிரல் சோதனை ஃபைல்களுக்குள் ஒளிந்திருந்தது, அதை எடுத்து பில்டுக்குள் செருகும் வரி எம்4 பில்டு ஸ்கிரிப்டில் இருந்தது, அந்த ஸ்கிரிப்ட் கிட் ரிப்போவில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்கான டார் ஃபைலில் மட்டும் இருந்தது. கிட்டில் மூலநிரலை ஒருவர் வரி வரியாகப் படித்திருந்தாலும் அந்த வரி கண்ணில் பட்டிருக்காது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டப்போய்க் கண்டுபிடித்தார். பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் நிலையான பதிப்புகளுக்கு வருவதற்குள் பிடிபட்டது.

பில்டு ஸ்கிரிப்டுகள் படிக்க முடியாத காடாக இருப்பதைச் சகித்துக்கொண்டதன் விலை இது. ‘கன்ஃபிகர்’ ஃபைலைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? தானாக உருவான பல ஆயிரம் வரிகள், யாரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் எரிச்சல் தருகிற, யாரும் தொட விரும்பாத பகுதி என்பதால்தான் ஒளிப்பதற்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது: பேக்கேஜ் லாக் ஃபைலை கிட்டில் சேருங்கள், சர்வரில் ‘இன்ஸ்டால்’ கொடுக்காமல் ‘என்பிஎம் சிஐ’ கொடுங்கள், லாக்கில் உள்ள அதே பதிப்புகள்தான் இறங்கும். நிறுவும்போது பேக்கேஜ்கள் தங்கள் ஸ்கிரிப்டை ஓட்ட முடியும். ‘இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்’ போட்டு உங்கள் புராஜெக்ட் வேலை செய்கிறதா பாருங்கள், பெரும்பாலும் செய்யும். ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையை ‘ஆல்’ தெரிவோடு கொடுத்து, எது எதை நம்பியிருக்கிறது என்ற மரத்தைப் பார்த்து, பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்காக ஒரு பேக்கேஜ் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கே: பில்டு ஆகவில்லை என்று ஒரு புராஜெக்டில் இஷ்யூ (குறைப் பதிவு) போட்டேன். ‘எனக்கு ஓடுகிறது’ என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள். இனி கேட்கவே கூடாது என்று இருக்கிறேன்.
– வாசகர், உதகை

ப: கேளுங்கள். ‘எனக்கு ஓடுகிறது’ என்பது பதில் இல்லை. எழுதியவரின் கணினியில் மட்டும் ஓடுகிற மென்பொருளை வெளியிட்டதாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் வேலை முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிறவர், வெறும் ‘பில்டு ஆகவில்லை’ என்ற வரியை வைத்து அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இயங்குதளம், கம்பைலர் இரண்டின் பதிப்பு, நீங்கள் அடித்த கட்டளைகள் அடித்த வரிசையில், முதல் எரர், முழு வெளியீடு இணைப்பாக: இவ்வளவையும் கொடுத்தால் மூடுகிறவர் குறைவு. நீங்களே வழி கண்டுபிடித்துவிட்டால் ரீட்மீயில் (புராஜெக்டோடு வரும் விளக்க ஃபைல்) விடுபட்ட அந்த ஒரு பேக்கேஜ் பெயரைச் சேர்த்துத் திருத்தமாக அனுப்புங்கள். அதை மறுக்கிறவர்கள் அபூர்வம், அடுத்து வருகிற எத்தனையோ பேருக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

கே: சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலை எடை, முன்பணம், பாக்கி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள பைதானில் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். கட்டற்றதாக வெளியிட ஆசை. மற்றவர்களுக்கு பில்டு தொல்லை இல்லாமல் எப்படிக் கொடுப்பது? டாக்கரில் போட்டால் போதுமா?
– தேயிலை விவசாயியின் மகன், எடப்பள்ளி

ப: டாக்கர் (மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டும் கருவி) உதவும், ஆனால் அதுவே தீர்வு இல்லை. இன்று எடுத்த இமேஜ் அப்படியே இருக்கும். அந்த இமேஜை உருவாக்கும் டாக்கர் ஃபைலோ நாளாக ஆகக் கெட்டுப்போகும். அதில் பழைய டெபியன் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தால், அதன் ஆதரவுக் காலம் முடிந்து பேக்கேஜ்கள் ஆர்க்கைவுக்கு மாறியதும் ஆப்ட் வரியிலேயே பில்டு நிற்கும். தவிர, ஃபேக்டரி ஆபீஸில் இருக்கும் பழைய விண்டோஸ் கணினியில் டாக்கர் போடச் சொல்வது நியாயமில்லை.

முதலில் உங்களுக்கு என்னென்ன லைப்ரரி நேரடியாக வேண்டும் என்று பாருங்கள், ஐந்தைத் தாண்டாது. அதை மட்டும் பைபுராஜெக்ட் ஃபைலில் எழுதுங்கள். ‘பிப் ஃப்ரீஸ்’ கொடுத்து வந்ததை அப்படியே ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் கொட்டினால் உங்கள் கணினியில் வேறு வேலைக்காகப் போட்டதெல்லாம் அதில் வந்துவிடும். துல்லியமான பதிப்புகளுக்குத் தனியாக லாக் ஃபைல் வையுங்கள். யூவி, பிப் டூல்ஸ் இரண்டும் அதை உருவாக்கித் தரும். எந்தப் பைதான் பதிப்புகளில் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்தபோது எத்தனையோ பழைய பேக்கேஜ்கள் நிறுவ முடியாமல் போயின.

கணக்கு மென்பொருள் என்பதால் தரவுத்தளத்துக்குப் பைதானோடு வரும் எஸ்க்யூலைட்டே போதும், இன்னொரு சர்வரை நிறுவச் சொல்ல வேண்டாம். பிறகு கணினி அதிகம் தெரியாத ஒரு நண்பரை உட்கார வைத்து, ரீட்மீயை மட்டும் அவர் கையில் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, சேருங்கள். கடைசியாக லைசென்ஸ் ஃபைல் வைக்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் பொதுவில் போட்டாலும் மற்றவர்களுக்கு அதை நகலெடுக்கவோ மாற்றவோ உரிமை கிடையாது. ரிப்போ தயாரானதும் முகவரியை அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.